வேந்தனுக்காகப் பட்ட புண்

ஒரு சொல்லைப் பற்றிச் சண்டையிட வேண்டியிருக்கிறது. அது எந்த நிகண்டிலும் இல்லை. இராணுவ மருத்துவக் குழுவின் படிவத்தில் இருக்கிறது. ‘கான்ஸ்டிடியூஷனல்’ என்பது அச்சொல். அரசியல் சட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்த நோய் இவனுடைய பிறவி அமைப்பிலேயே கிடந்தது, படைப்பணியால் வந்ததன்று, பணியால் மோசமடையவும் இல்லை என்பதே அதன் பொருள். மனம் சிதைந்து வெளியேற்றப்படும் சிப்பாயின் கோப்பில் இந்த ஒற்றைச் சொல் விழுந்துவிட்டால் அவனுக்கு ஊன ஓய்வூதியம் இல்லை. எழுதுகிற மருத்துவருக்கு அரை நிமிட வேலை. அதைச் சுமப்பவனுக்கு ஓர் ஆயுள்.

மிகையாகச் சொல்கிறோம் என்று எண்ணுபவர்கள் உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்த்த ஒரு வழக்கைப் பார்க்கலாம். 1972-இல் தரைப்படையின் சிக்னல் பிரிவில் சேர்ந்த ஒருவர் 1977-இல் மனச்சிதைவு என்று வெளியேற்றப்படுகிறார். மருத்துவக் குழு வழக்கமான சொல்லை எழுதுகிறது. ஓய்வூதியம் மறுக்கப்படுகிறது. முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் கோப்பைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே ஓர் உளநோய் மருத்துவரின் குறிப்பு இருக்கிறது. அக்குறிப்பை வழிமொழிந்த குழு இருக்கிறது. காரணம் என்று ஒன்று இல்லை. நீதிபதிகள் அகராதியையும் மருத்துவ நூல்களையும் தாமே எடுத்து வைத்துக்கொண்டு மனச்சிதைவு என்றால் என்ன என்று படிக்க வேண்டியிருந்தது. முடிவில், மறு ஆய்வு மருத்துவக் குழு ஒன்றை அமைத்துப் பாருங்கள் என்றார்கள். கவனியுங்கள், அப்போதும் கிடைத்தது ஓய்வூதியம் அன்று, இன்னொரு மருத்துவக் குழு.

விதிகள் கொடியவை என்றால்கூட ஒருவகையில் ஆறுதல் கொள்ளலாம். விதிகள் அப்படி இல்லை என்பதுதான் வேடிக்கை. 1982-ஆம் ஆண்டின் தகுதி விதிகள், சேரும்போது குறிப்பேட்டில் நோய் எதுவும் பதிவாகவில்லை எனில் அவன் நலமாகவே சேர்ந்தான் என்று கொள்ளச் சொல்லின. ஐயத்தின் பயனைச் சிப்பாய்க்கே தரச் சொல்லின. அவ்விதிகளின் பின்னிணைப்பில், பணியின் அழுத்தத்தால் பாதிக்கப்படும் நோய்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் முதலில் நிற்பவையே மனநோய்கள்தாம். பட்டியலைத் தயாரித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது, படிவத்தை நிரப்பியவர்களுக்குத் தெரியவில்லை. அதே 2013-இல் வலிப்பு நோய்க்காக வெளியேற்றப்பட்ட ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்விதிகளை வரி வரியாக எடுத்துரைத்தது. 2019-இல் அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு, மனநோயைப் படையில் சேர்க்கும்போது கண்டுபிடிக்க முடியாதே என்று சொல்லி மற்றொரு சிப்பாயின் கோரிக்கையைத் தள்ளியது. 2025-இல் இன்னொரு வழக்கில், காரணம் எழுதாத மருத்துவக் கருத்தைக் காட்டி ஓய்வூதியத்தை மறுக்க முடியாது என்றது. ஊஞ்சல் ஆடிக்கொண்டே இருக்கிறது. இதற்கிடையில் 2023 செப்டம்பரில் வந்த புதிய விதிகள் ‘ஊனக் கூறு’ என்று வழங்கிவந்த தொகைக்குக் ‘குறைபாட்டு நிவாரணம்’ என்று பெயர் மாற்றியிருக்கின்றன. உரிமையின் பெயர் நிவாரணம் என்று மாறினால் பெறுபவனின் கை தானாகவே சற்றுத் தாழும். மொழி படித்தவர்கள் இதைக் கவனியாமல் வேறு யார் கவனிப்பது?

இலக்கியப் பக்கத்தில் இதற்கென்ன வேலை என்று கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. பட்டிமன்ற மேடை தோறும் விழுப்புண்ணை முழங்கி, நடுகல்லைப் போற்றி, புறநானூற்றுத் தாய்மார்களை வரிசையாக நிறுத்திக் கைதட்டு வாங்கும் கூட்டம் நம்முடையது. புறத்திணை என்றாலே மார்பில் தைத்த வேல் என்று அவர்கள் நினைக்கிறார்கள். காஞ்சித்திணையை அவர்கள் தொடுவதில்லை. போர் முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்று சொல்லும் திணை அது, கைதட்டலுக்கு உதவாது.

புறநானூற்றின் 281-ஆம் பாடல், அரிசில் கிழார் பாடியது. புண்பட்டு வீட்டில் கிடக்கிறான் ஒருவன். இரவ மரத்தின் தழையையும் வேப்பந்தழையையும் வீட்டில் செருகுகிறார்கள். யாழும் பிற கருவிகளும் ஒலிக்கின்றன. வெண்சிறு கடுகைத் தூவுகிறார்கள், குழல் ஊதுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், காஞ்சிப் பண் பாடுகிறார்கள், வீடெங்கும் நறும்புகை எழுப்புகிறார்கள். தோழியை அழைத்து, வா, அவன் புண்ணைக் காப்போம் என்கிறாள் ஒருத்தி. பேய் அண்டாமல் காக்கும் சடங்கு என்று உரைகாரர்கள் சொல்வார்கள். சரி. ஆனால் இசையும் மணமும் மனிதக் குரலும் சூழ அவனைத் தனியே விடாமல் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பேய் எதுவாக இருந்தால் என்ன? நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது பாடலின் இறுதியை. அந்தப் புண் யாருடையது என்று சொல்லும்போது, தன் அரசனுக்கு வந்த துன்பத்தைத் தான் தாங்கியவன் என்று கூறுகிறாள் அவள். அரசனுக்கு வந்தது, இவன் தாங்கியது. பணியால் வந்த புண்ணா இல்லையா என்னும் கேள்விக்கு அரிசில் கிழார் பாடலில் ஐயமே இல்லை. மீரட்டிலும் புனேயிலும் கூடும் மருத்துவக் குழுக்களுக்குத்தான் ஐயம்.

முல்லைப்பாட்டில் பாசறையில் உறங்காத அரசன் ஒருவன் வருகிறான். மாண்ட வீரர்களையும் புண்பட்ட யானைகளையும் நினைக்கிறான். அம்பு தைத்துச் செவி சாய்ந்து தீனி தின்னாமல் வருந்தும் குதிரைகளையும் நினைக்கிறான். உறங்காமை, உண்ணாமை, முடிந்த சண்டை மீண்டும் மீண்டும் மனத்தில் வருதல். நப்பூதனார் மருத்துவர் அல்லர். அமெரிக்க உளநோய் மருத்துவர் சங்கம் 1980-இல்தான் தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்று இதற்கு ஒரு பெயரைச் சேர்த்தது. அதுவும் தானாகச் செய்யவில்லை. வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் கூடிப் பேசி, கூச்சலிட்டு, வாங்கிய பெயர் அது. அதற்கு முன்பு அங்கும் குணக்கேடு என்றும் கோழைத்தனம் என்றும்தான் எழுதினார்கள். முதல் உலகப் போரில் ஓடிப்போனான், அஞ்சினான் என்று தன் வீரர்களையே சுட்டுக் கொன்ற பிரிட்டன், அவர்களில் 306 பேரை மன்னிக்க 2006 வரை எடுத்துக்கொண்டது.

நம் ஊர்களுக்கு வருவோம். வட ஆர்க்காட்டுப் பக்கம், வேலூரைச் சுற்றி, வீட்டுக்கு ஒருவர் படைக்குப் போன ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டையை இராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். இந்த ஊர்களில் ஒரு வாக்கியம் புழங்குகிறது: ‘மிலிட்டரிக்காரர் அப்படித்தான்.’ நள்ளிரவில் எழுந்து வாசலில் உட்கார்ந்திருந்தால், அப்படித்தான். பட்டாசு வெடிக்கும்போது அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டால், அப்படித்தான். மனைவியை அடித்தால், மாலை ஆறு மணிக்கு மேல் நிதானம் இல்லையென்றால், அதுவும் அப்படித்தான். மருத்துவக் குழு ஆங்கிலத்தில் எழுதியதை ஊர் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்கிறது, அவ்வளவே. அவன் இயல்பு அது.

கேண்டீனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். முன்னாள் படைவீரர் ஒருவருக்கு மாதந்தோறும் இத்தனை புட்டி என்று மதுவுக்கு ஒதுக்கீடு உண்டு. அட்டையை நீட்டினால் சலுகை விலையில் கிடைக்கும். அதை ஒழுங்காகக் கணக்கிட்டு வழங்க ஓர் அமைப்பு நாடு முழுவதும் ஓடுகிறது. மாதம் ஒருமுறை அவரை எதிரே உட்காரவைத்து, உறக்கம் வருகிறதா என்று கேட்பதற்கு அப்படியொரு அமைப்பு இல்லை. வயிற்றுக்குள் போகும் மருந்தை மட்டும் அரசு தவறாமல் தருகிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

பணியில் இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே என்பவர்களுக்கு: இராணுவத்தில் உடல்தகுதியை ‘ஷேப்’ என்னும் ஐந்து ஆங்கில எழுத்துகளால் குறிக்கிறார்கள். முதல் எழுத்தான ‘எஸ்’ மனநலம். அந்த எழுத்தின் எண் ஒன்றிலிருந்து இறங்கினால் பதவி உயர்வு முதல் பணி நீட்டிப்பு வரை எல்லாம் தடுமாறும். மனநோய் என்று மருத்துவமனைக்குப் போனால், இவன் நடத்தை எப்படி என்று அவனுடைய கமாண்டிங் அலுவலரிடம் படிவம் போட்டு அறிக்கை கேட்கிறார்கள். மருத்துவரிடம் சொல்வதும் அதிகாரியிடம் சொல்வதும் ஒன்று என்றால் யார் வாய் திறப்பார்கள்? பதினேழு ஆண்டு வாயை மூடியிருந்துவிட்டு, நாற்பது வயதுக்குள் ஓய்வு பெற்று, ஏதோ ஒரு ஏடிஎம் வாசலில் காவலுக்கு நிற்கும்போது அது வெடிக்கிறது. அப்போது அவன் இராணுவத்தின் பொறுப்பு அல்லன்.

2021 தொடக்கத்தில் தில்லியின் யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிடியூஷன் தளத்தில், தரைப்படையினரில் பாதிக்கு மேற்பட்டோர் கடும் அழுத்தத்தில் இருக்கிறார்கள் என்னும் ஓர் ஆய்வு வெளியானது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட எண்ணிக்கை மிகச் சிறியது என்று தரைப்படை மறுத்தது. கட்டுரை தளத்திலிருந்து காணாமற்போனது. மறுப்பு நியாயமாகவே இருக்கட்டும். அப்படியெனில் பெரிய ஆய்வு ஒன்றைச் செய்து வெளியிட வேண்டியதுதானே? தேசியக் குற்றப் பதிவேட்டு நிறுவனம் ஆண்டுதோறும் தற்கொலைகளைத் தொழில்வாரியாகப் பிரிக்கிறது. தினக்கூலி, இல்லத்தரசி, மாணவர், ஓய்வு பெற்றோர் என்று வரிசை நீள்கிறது. முன்னாள் படைவீரர் என்று ஒரு வரி அதில் இல்லை. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கு மேற்பட்ட முன்னாள் வீரர்கள் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்று அந்நாட்டு அரசே அறிக்கை வெளியிடுகிறது. அந்த நாட்டை நாம் மெச்சவில்லை. இராக்கிலிருந்து திரும்பியவர்களை ‘ஆளுமைக் கோளாறு’ என்று ஆயிரக்கணக்கில் கழித்துக்கட்டிய நாடு அது. ஆனால் எண்ணுகிறார்கள். எண்ணப்படாத சாவுக்கு யாரும் விடை சொல்ல வேண்டியதில்லை.

எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டோம். 2023 டிசம்பரில் புனேயின் இராணுவ மருத்துவக் கல்லூரியில் ஆயுதப் படைகளுக்கென்று டெலி மானஸ் தொலைபேசிப் பிரிவு தொடங்கப்பட்டது. நல்லது. 2003 முதல் முன்னாள் வீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டமும் இருக்கிறது. ஆனால் அத்திட்டத்தின் வாசலில் நுழைய, சில விலக்குகள் தவிர, ஓய்வூதியம் பெறுபவராக இருக்க வேண்டும். இப்போது முதல் பத்திக்குத் திரும்பிப் பாருங்கள். மனம் சிதைந்ததால் வெளியேற்றப்பட்டான். பிறவிக் கோளாறு என்றதால் ஓய்வூதியம் இல்லை. ஓய்வூதியம் இல்லாததால் மருத்துவமும் இல்லை. யாருக்கு மருத்துவம் மிகுதியாக வேண்டுமோ அவனைச் சல்லடை போட்டுச் சலித்து வெளியே தள்ளும் இந்த ஏற்பாட்டை யாரோ ஒரு தீயவன் திட்டமிட்டிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திராது. 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் இதில் ஒரு படி மேல். நான்கு ஆண்டுகளில் வெளியே வருபவனுக்கு ஓய்வூதியம், அந்த மருத்துவத் திட்டம், முன்னாள் படைவீரர் என்னும் பெயர் ஆகிய எதுவும் இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவன் இரவில் அலறி எழுந்தால் அவன் எந்த அலுவலகக் கதவைத் தட்டுவது?

ஒரு மறுப்பு நமக்குத் தெரியும். சிற்றிதழ் நண்பர்கள் சொல்வது: படைவீரனுக்காக உருகுவது படையெடுப்பை நியாயப்படுத்துவதாகாதா? தமிழர்களுக்கு இது நூற்கேள்வி அன்று. 1987 ஜூலையில் இலங்கை போன அமைதிப் படை என்ன செய்தது என்று யாழ்ப்பாணம் அறியும். அவ்வாண்டு அக்டோபரில் யாழ் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் கொல்லப்பட்டதை மறக்கச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. 1990 மார்ச்சில் கடைசி அணிகள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதன் அரசியல் நமக்குப் புரியாததன்று. ஆயின் அந்தப் படையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் செத்தார்கள், திரும்பியவர்கள் பல்லாயிரவர். தான் செய்ததையும், தன்னைச் செய்யச் சொன்னதையும் எங்கும் சொல்ல முடியாமல், வெற்றியும் அல்லாத தோல்வி என்றும் ஒப்பாத ஒரு போரிலிருந்து வந்தவர்கள் அவர்கள். இன்று அறுபதையும் எழுபதையும் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பாஸ்டனில் வியட்நாம் வீரர்களுக்கு மருத்துவம் பார்த்த ஜோனதன் ஷே 1994-இல் ‘அக்கிலீஸ் இன் வியட்நாம்’ என்றொரு நூல் எழுதினார். ஹோமரின் இலியத்தையும் தம் நோயாளிகளின் வாக்குமூலங்களையும் அருகருகே வைத்துப் படித்த நூல். போர்க்களத்து அச்சம் மட்டுமன்று, தலைவன் அறத்தைக் காட்டிக் கொடுக்கும்போது படைவீரனுக்குள் ஒன்று உடைகிறது என்பது அவர் கண்டது. அறப்புண் என்று நாம் அதைத் தமிழில் சொல்லலாம். அப்புண்ணுக்கு மருத்துவம் பார்ப்பது குற்றத்தை மன்னிப்பதாகாது. நடந்ததைத் தன் வாயால் சொல்லும் நிலைக்கு அவனைக் கொண்டுவருவது மருத்துவத்தின் ஒரு பகுதி. சொன்னால்தான் போரைப் பற்றிய உண்மையும் வெளிவரும். அவனைக் குடிக்கவிட்டு வாயடைத்து வைத்திருப்பதில் ஆதாயம் அடைபவர்கள் போருக்கு அனுப்பியவர்களே. போர் எதிர்ப்பாளர்கள் அவர்களுக்குத் துணை போக வேண்டுமா?

கேட்பவை பெரியவை அல்ல. மாவட்டந்தோறும் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில், கல்வி உதவிப் படிவம் வழங்கும் மேசைக்குப் பக்கத்தில், உளநல ஆலோசகர் ஒருவர் வேண்டும். மனைவியும் தனியாக வந்து பேசலாம் என்னும் ஏற்பாட்டோடு. மனநோயால் வெளியேற்றப்பட்டவருக்கு, ஓய்வூதியத் தகராறு முடியும்வரை காத்திராமல், மருத்துவம் தொடர வேண்டும். தற்கொலைக் கணக்கில் ஒரு வரி சேர வேண்டும். மருத்துவக் குழு தன் முடிவுக்கான காரணத்தைச் சொற்றொடர்களாக எழுதி, எழுதிய மருத்துவர் பெயரிட்டு, அதன் படி ஒன்றைச் சிப்பாயின் கையில் தர வேண்டும். கணியம்பாடிப் பக்கத்திலிருந்து போனவனாக இருந்தால், தமிழில்.