சாவியோடு சட்டமும் வேண்டும்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. கேரளத்தின் இலட்சம் வீட்டுக் காலனிகளைக் காணுந்தோறும் அம்மொழி நினைவுக்கு வருகிறது.

1972-இல், அச்சுத மேனன் ஆட்சியில், வீட்டுவசதி அமைச்சர் எம். என். கோவிந்தன் நாயர் தொடங்கிய திட்டம் அது. நிலமற்ற உழைப்பாளிக்கு ஊராட்சிதோறும் வீடு! எவ்வளவு உயர்ந்த நோக்கம்! ஆனால், பல காலனிகளில் ஒரே கூரையின்கீழ் இரண்டு வீடுகள். நடுவே ஒரே சுவர். ஒரு வீட்டார் இடித்துக் கட்ட முனைந்தால், அடுத்த வீட்டாரின் கூரையும் ஆடுமே! அந்தச் சுவர் யாருடையது? பழுதுபார்க்கும் செலவு யாருடையது?

இக்கேள்வி பழங்கதையன்று. நம் நகரத்துச் செங்கல்சூளையிலும் கரிமடத்திலும் அரசு எழுப்பிய அடுக்கு வீடுகளைப் பாருங்கள். படிக்கட்டு பொது, கூரை பொது, கழிவுநீர்க் குழாயும் பொது. பொதுவானதைப் பேணுவார் யார்?

2016-ஆம் ஆண்டின் மனைத்தொழில் ஒழுங்குமுறைச் சட்டம், விற்பதற்காக வீடு கட்டும் அரசு நிறுவனத்தையும் விடவில்லை. ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டட அமைப்பில் குறை தெரிந்தால், கட்டியவரே இலவசமாகச் செப்பனிட வேண்டும். நன்று! ஆயினும் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்துக்கோ, 8-க்கு மேற்படாத வீடுகளுக்கோ பதிவு தேவையில்லை. வாடகைக்குத் தரும் வீடோ அச்சட்டத்தின் எல்லைக்கே அப்பாற்பட்டது. பணம் கொடுத்து வாங்குவோனுக்குக் காவல் உண்டு. அரசின் சிறு குடியிருப்பில் வாடகைக்கு வாழும் ஏழைக்கு அக்காவல் இல்லை. இது நீதியாகுமா?

உறைவிடம் என்பது வெறும் கூரையன்று. போதிய இடமும் காற்றும் வெளிச்சமும் நீரும் துப்புரவும் சேர்ந்ததே என்று 1995-இல் சமேலி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உரைத்தது. அதனை வாழ்வுரிமையின் பகுதியாகவும் கொண்டது.

சிறு திட்டத்தின்மீது பெருஞ்சட்டத்தை ஏற்றினால் வேலை தடைப்படும் என்பர் சிலர். உண்மைதான். நாம் கேட்பது பெருஞ்சட்டம் அன்று, மூன்றே விதிகள். விற்றாலும் வாடகைக்கு விட்டாலும், 5 ஆண்டுக் குறைநீக்கப் பொறுப்பு அரசுடையது. பொதுச் சுவருக்கும் கூரைக்கும் குழாய்க்கும் பராமரிப்பு நிதி, திட்டச் செலவிலேயே ஒதுக்கப்படவேண்டும். அந்நிதியைச் செலவிடுவதில் குடியிருப்போருக்கு வாக்கு வேண்டும்.

தோழர்களே! நாளை நம்மில் சிலர் பொறியாளராவோம், சிலர் வழக்கறிஞராவோம், சிலர் கோப்பில் கையெழுத்திடும் அதிகாரிகளாவோம். அன்று வீட்டுத் திறப்பு விழாவில் கைதட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். சாவியோடு விதித்தாளும் கொடுத்தார்களா என்று கேளுங்கள்!