மொந்தன் என்ன சொல்றாரு?

பிரெஞ்சு வழியில் படித்த புதுச்சேரிக்காரர்கள் பலரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பழைய பிரெஞ்சுப் புத்தகம் எதைப் பற்றியாவது யாராவது ஆசையாகக் கேட்டால், "அதையெல்லாம் பிரெஞ்சிலேயே படிச்சாத்தான் விளங்கும்" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவோம். நானும் அப்படிச் சொல்லி வந்தவன்தான். அது தவறு என்று எழுபது வயதுக்கு மேல்தான் எனக்கு உறைத்தது. அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

பள்ளியில் எங்களுக்கு மோந்தேன் என்ற எழுத்தாளரின் சில பக்கங்கள் பாடமாக இருந்தன. 1533இல் பிறந்து 1592இல் இறந்தவர். பெயரைக் கேட்டதும் வகுப்பில் நாங்கள் வைத்த பட்டப்பெயர் 'மொந்தன்'. வாழைக்காய் பஜ்ஜி நினைவு வராமல் அவரை யாரும் படித்ததில்லை. மனப்பாடம் செய்தோம், ஒப்பித்தோம், மதிப்பெண் வாங்கினோம். அவ்வளவுதான்.

பிறகு அரசு வேலை. எதிர் மேசையில் 31 ஆண்டுகள் ஒரு நண்பர். அவர் தமிழ் வழியில் படித்தவர். நான் நூலகத்திலிருந்து பிரெஞ்சுப் புத்தகம் எடுத்து வந்து உணவு இடைவேளையில் புரட்டுவதைப் பார்த்து, "இன்னிக்கு மொந்தன் என்ன சொல்றாரு?" என்று கேட்பார். அது வெறும் கேலி இல்லை. ஒருநாள், "தினம் ஒரு பக்கம் தமிழ்ல சொல்லேன், கேக்கறேன்" என்றார். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். பிறகும் பலமுறை கேட்டார். ஓய்வு பெற்ற பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு படிக்க நேரம் கிடைத்தது. அப்போதுதான் அந்த மொந்தன் யார் என்று தெரிந்தது. அவரும் ஓய்வு பெற்றவர்! போர்தோ நகரின் உயர்நீதிமன்றத்தில் வேலை பார்த்துவிட்டு, 1571இல் தமது 38ஆம் வயதில் பதவியை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். வீட்டுக் கோபுரத்தில் நூலகம் அமைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். பொய்யர்கள், பயம், வாசனை, கட்டைவிரல் என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதினார். எழுதியவற்றுக்கு 'எசே' என்று பெயர் வைத்தார். 'முயன்று பார்த்தது' என்று பொருள். 1580இல் முதல் இரண்டு பாகங்கள் அச்சாயின.

என்னை உலுக்கியது வேறு ஒன்று. குழந்தைப் பருவத்தில் அவருக்கு லத்தீன்தான் முதல் மொழி. அவர் அப்பா, பிரெஞ்சு தெரியாத ஓர் ஆசிரியரை வைத்து, வீட்டில் எல்லோரும் பிள்ளையிடம் லத்தீனிலேயே பேசும்படி ஏற்பாடு செய்திருந்தார். அப்படி வளர்ந்தவர், எழுத வந்தபோது பிரெஞ்சில்தான் எழுதினார். அவர் முதலில் வெளியிட்ட நூலே ஒரு மொழிபெயர்ப்பு. ஒரு லத்தீன் புத்தகத்தைப் பிரெஞ்சில் ஆக்கித் தரும்படி அப்பா தம் கடைசிக் காலத்தில் கேட்டார். மகன் செய்தார். அப்பா 1568இல் இறந்தார். மறு ஆண்டு புத்தகம் வெளிவந்தது. "லத்தீனில் படித்தால்தான் விளங்கும்" என்று அந்த மகன் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. அவர் மிகவும் நேசித்த ஆசிரியர் கிரேக்கரான புளுடார்க். மோந்தேனுக்கோ கிரேக்கம் அவ்வளவாக வராது. ஆமியோ என்பவர் செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பில்தான் புளுடார்க்கைப் படித்தார். அந்த மொழிபெயர்ப்பாளரை வாயாரப் புகழ்ந்தும் இருக்கிறார். மொழிபெயர்ப்பில் படித்த அவரை, மொழிபெயர்ப்பில் படிக்கக் கூடாது என்று சொல்ல நான் யார்?

தெகார்த்தும் அப்படித்தான். அறிஞர்கள் லத்தீனில் எழுதிய காலத்தில், 1637இல், சிந்திக்கும் முறை பற்றிய தம் நூலைப் பிரெஞ்சில் வெளியிட்டார். சொந்த அறிவைப் பயன்படுத்தும் சாதாரண மனிதர்களும் படித்துத் தீர்ப்புச் சொல்லட்டும் என்பது அவர் எண்ணம். கதவைத் திறந்துவிட்டவர்களின் புத்தகங்களை வைத்துக்கொண்டு, நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தோம்.

மொழிபெயர்ப்பில் எதுவும் குறையாது என்று நான் சொல்ல வரவில்லை. வாக்கியத்தின் ஓசை போகும். சில விளையாட்டுகள் போகும். ஆனால் விஷயம் போகாது. நமக்குத்தான் குறள் இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. குறள் இருக்கிறது. அதை நன்றாகப் படித்தவருக்கு இன்னொரு வீட்டுத் திண்ணையிலும் கொஞ்ச நேரம் உட்காரத் தெரியும்.

என் நண்பர் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். கருமாதி முடிந்த சாயங்காலம் அவர் மனைவி கேட்டார்: "அவரு யார்கிட்டயும் இவ்ளோ ஒட்டினதில்லையேண்ணே. ஒங்ககிட்ட மட்டும் எப்படி?"

எனக்கு மொந்தன் நினைவுக்கு வந்தார். அவருக்கும் ஒரு நண்பர், லா போயசி. அதே நீதிமன்றத்தில் வேலை, ஆபீஸ் சிநேகம்தான். 1563இல், 32 வயதில் இறந்துபோனார். தம் புத்தகங்களை மோந்தேனுக்கு விட்டுச் சென்றார். ஏன் அவர்மேல் இவ்வளவு அன்பு என்று மோந்தேனால் சொல்ல முடியவில்லை. முதல் பதிப்பில், சொல்ல முடியாது என்பதோடு விட்டுவிட்டார். பல ஆண்டுகள் கழித்து, அச்சான புத்தகத்தின் ஓரத்தில் கையால் ஒரு சின்னக் காரணம் எழுதினார். பிறகு வேறு மையில் இன்னொரு பாதி சேர்த்தார். காரணம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை; அவனும் நானும், அவ்வளவுதான் அதில் இருக்கிறது.

பதினேழு வயதில் மதிப்பெண்ணுக்காக ஒப்பித்த வரி அது. அன்று அந்த வீட்டுத் தாழ்வாரத்தில், புத்தகம் இல்லாமல், தமிழில் சொன்னேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அம்மாவுக்கு எல்லாம் விளங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுதான் அந்த மொந்தனா? அவருகிட்டயே சொல்லியிருக்கலாமேண்ணே" என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது தினமும் ஒரு பக்கம் படித்து, அதன் சாரத்தைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போகிறேன். அவர் பேரன் சில நாள் கேட்பான், சில நாள் ஓடிவிடுவான். பரவாயில்லை.

என் வயதுக்காரர்களே, உங்கள் அலமாரியிலும் அப்படி ஒரு புத்தகம் இருக்கும். பிரெஞ்சோ, ஆங்கிலமோ, எதுவானாலும் சரி. பள்ளியில் படித்ததைப் படித்ததாகக் கணக்கில் வைக்காதீர்கள், திரும்ப எடுங்கள். யாராவது கேட்டால் தெரிந்த தமிழில் சொல்லுங்கள். ஓய்வு பெற்ற பிறகு பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.