விற்கிறது, ஆனால் மிஞ்சவில்லை



சென்ற மாதம் முல்லைத்தீவுப் பக்கத்தில் மாதர் சங்கக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தங்கச்சி என்னைத் தனியே கூப்பிட்டார். "அக்கா, நான் செய்யிற கறித்தூள் நல்லா விக்குது. வீடு தேடி வந்து வாங்குகினம். ஆனா கையிலை காசு நிக்குதில்லை. ஏன் அக்கா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி எனக்குப் புதியதல்ல. நானும் ஒன்றரை வருடம் இதே கேள்வியோடு திரிந்தவள். அதனால் இந்த மாதம் என் கதையையே சொல்கிறேன்.

2010 இல் செட்டிகுளம் முகாமிலிருந்து கிளிநொச்சிக்குத் திரும்பினோம். நானும் இரண்டு பிள்ளைகளும்தான். தறப்பாள் கொட்டிலுக்கு முன்னால் அடுப்பு மூட்டி, அம்மா காட்டித்தந்த பக்குவத்தில் செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்து, அக்கம்பக்கத்தில் விற்றேன். எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது. ஆனால் அடுத்த முறை சாமான் வாங்கப் போகும்போது பணம் போதாமல் யாரிடமாவது கைமாற்று வாங்கவேண்டி வந்தது.

ஒருநாள் இரவு மகளுடைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் இருவரும் கணக்குப் பார்த்தோம். எளிதில் விளங்கும்படி எண்களைச் சுருக்கித் தருகிறேன்.

10 கிலோ சாமான் வாங்க 6000 ரூபா. அப்படியென்றால் கிலோ 600. நான் 750 க்கு விற்றேன். கிலோவுக்கு 150 ரூபா இலாபம், பத்துக் கிலோவுக்கு 1500 என்பதுதான் என் மனக்கணக்கு.

மகள் கேட்டாள்: "அம்மா, பத்துக் கிலோவும் தூளா வருதா?" வருவதில்லை. காம்பு கிள்ளி, கல்மண் புடைத்து, வறுத்து, அரைத்து எடுத்தால் 9 கிலோதான் மிஞ்சும். 9 கிலோவை 750 க்கு விற்றால் வருவது 6750. மில் கூலி 300, விறகு 150, பையும் லேபலும் 200, பஸ் காசு 200, எல்லாமாக 850. ஆக, செலவு 6850. நூறு ரூபா நட்டம்! அதற்கு மேல் அடுப்படியில் நான் வெந்த இரண்டு நாளுக்கு ஒரு சதமும் இல்லை.

அன்றிரவு நான் அழுதேன். ஆனால் வியாபாரம் உண்மையில் தொடங்கியது அன்றிரவுதான்.

என் கூலியும் செலவுதான்

நாள் 500 ரூபா என்று இரண்டு நாளுக்கு 1000 ரூபாவை என் கூலியாகச் சேர்த்தேன். மொத்தச் செலவு 7850. அதை ஒன்பதால் பிரித்தால் கிலோ ஏறக்குறைய 872 ரூபா. விலையை 950 ஆக்கினேன். சிலர் வாங்காமல் விட்டார்கள். கவலையாகத்தான் இருந்தது. ஆனால் ருசி தெரிந்தவர்கள் வந்தார்கள். கிலோவாக வாங்க முடியாதவர்களுக்காக 50 கிராம், 100 கிராம் பைக்கற்றுகளும் போட்டேன். கைக்கணக்கில் போட்டு வந்த சரக்குகளைத் தராசில் நிறுத்துப் போடத் தொடங்கினேன். இந்த மாதத் தூளும் அடுத்த மாதத் தூளும் ஒரே ருசியாக இருந்தால்தான் கடைக்காரர் நம்புவார்.

வியாபாரக் காசுக்கென்று ஒரு பழைய பால்மாப் பேணி வைத்தேன். கூலியை மட்டும் கிழமைக்கு ஒருமுறை எடுத்து வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்வேன். பிள்ளையின் சப்பாத்தானாலும் செத்தவீட்டுச் செலவானாலும் அந்தக் கூலிக்குள்தான். பேணியில் கைவைத்தால் அடுத்த அடுப்பு எரியாது.

பெரிதாக்கப் போய் விழுந்த கதை

2015 இல் நகரத்துக் கடையொன்று மாதம் 50 கிலோ கேட்டது. இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் தருவோம் என்றார்கள். மகிழ்ச்சியில் நான் எதையும் யோசிக்கவில்லை. வீடு தேடி வந்த நிறுவனமொன்றிடம் வாரக்கடன் எடுத்துச் சாமான் வாங்கினேன். தூள் கடைக்குப் போன அடுத்த கிழமையே தவணை கேட்டு வந்துவிட்டார்கள். கடைக்குப் போனால், "அடுத்த மாதம் வாங்கோ தங்கச்சி" என்றார்கள். ஆறாவது தவணைக்கு என் தோடு அடகுக்குப் போனது.

கொடுக்க வேண்டியது கிழமைக்குக் கிழமை. வரவேண்டியது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. வியாபாரத்தில் இலாபம் இருந்தும் நான் விழுந்தது இந்த இடைவெளியில்தான். இப்படி விழுந்தவர்கள் ஒருவர் இருவரல்ல. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்து, செலுத்த முடியாமல் நின்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது.

அதன்பின், புதிதாக ஒரு கடை கேட்டால் முதல் மாதம் 5 கிலோ மட்டும் கொடுப்பேன். அதற்குரிய பணம் வந்தபிறகுதான் அடுத்த 5 கிலோ. சாமான் வாங்கும் பணத்தில் அரைவாசியாவது பேணியில் இருக்க வேண்டும். கடன் தேவைப்பட்டால், எங்கள் ஊர்ச் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில், மாதத் தவணைக்குக் கேட்பேன். எங்கே கடன் வாங்கினாலும் கிழமைக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். கடைசியில் மொத்தமாக எவ்வளவு கட்டி முடிப்பேன் என்று கேளுங்கள். அதை எழுதியும் வாங்குங்கள்.

2022 நெருக்கடி இன்னொரு பாடம் தந்தது. அந்த வருடம் செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. பழைய விலைக்கு வாங்கிய மிளகாய்தானே என்று பழைய விலைக்கே விற்றவர்களால் அடுத்த முறை சாமான் வாங்க முடியவில்லை. வாங்கிய விலையை மட்டும் பார்த்து விற்காதீர்கள். இனி வாங்கப்போகும் விலையையும் பார்த்து விற்பனை விலையை வையுங்கள்.

இன்று என்னோடு நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்திருக்கிறேன். பைக்கற்றில் நிறை, விலை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, முகவரி எல்லாம் இருக்கின்றன. வியாபாரம் பெரிதல்ல. ஆனால் என் தோடு என் காதில் இருக்கிறது.

அந்தத் தங்கச்சிக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு கொப்பி வாங்குங்கள். முப்பது நாளைக்கு, விறகு, பஸ் காசு, கடன் கொடுத்த தூள், உங்கள் கூலி என்று ஒன்றும் விடாமல் எழுதுங்கள். எழுத நேரமில்லை என்றால் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். முப்பதாம் நாள் கூட்டிப் பாருங்கள். விலையைக் கூட்டுவதா, செலவைக் குறைப்பதா, வியாபாரத்தைப் பெருப்பிப்பதா என்பதை அதன்பிறகு யோசிக்கலாம்.

அடுத்த மாதம், கடைக்காரரிடம் கடன் பாக்கியை முகம் முறியாமல் கேட்டு வாங்குவது எப்படி என்று கதைப்போம்.