பரேல் அறைகளும் காட்சிக்கூடமாகட்டும்

டாக்டர் அம்பேத்கர் 1921-22-ல் தங்கிப் படித்த லண்டன் வீட்டை மராட்டிய அரசு 2015-ல் வாங்கிக் காட்சிக்கூடமாக்கியது. அங்குள்ள நகரசபை அனுமதி மறுத்தும், மேல்முறையீட்டில் 2020-ல் அனுமதி கிடைத்தது. பாராட்டுகிறோம்.

ஆனால், தாராவித் தொழிலாளி லண்டன் போவது எப்போது? மும்பை பரேலில் ஒரு சாலில், இரண்டே அறைகளில் அம்மேதை பல்லாண்டு குடியிருந்தார். அந்த அறைகளையும் அதே அக்கறையோடு காட்சிக்கூடமாக்க வேண்டும். குடியிருப்போருக்குக் குறை வரக்கூடாது.

கண்ணாடிப் பெட்டியும் வண்ண விளக்கும் மட்டும் போதா. பக்கத்திலேயே இரவிலும் திறந்திருக்கும் படிப்பகம் வேண்டும். ஒற்றை அறையில் எட்டுப் பேருக்கு நடுவே படிக்கும் நம் பிள்ளைகள் அங்கே வந்து உட்காரட்டும். புத்தகங்களுக்கு இடம் வேண்டித் தாதரில் ராஜகிருகம் கட்டியவருக்கு அதுவே தகுந்த நினைவுச்சின்னம்.