முதலிடம் சோறு போடாது

கணினி நிறுவனங்களின் பங்குகளை வாங்கி விற்ற அமெரிக்க முதலீட்டாளர்கள் பல ஆண்டுகள் ஒரே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடினார்கள். எந்த நிறுவனம் எத்தனை கணினி விற்றது, உலகச் சந்தையில் அது எத்தனை சதவீதம் என்று மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரும் பட்டியல் அது. முன்னேறுபவரின் பங்கை வாங்கு, சரிபவரின் பங்கை விற்றுவிடு என்பதே பலரது கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்பதற்கு டெல், ஹெச்பி இரண்டின் கதையே போதும்.

2001-ல் டெல், காம்பேக்கைத் தள்ளிவிட்டு முதலிடத்துக்கு வந்தது. கணினியின் தரம் அதற்குக் காரணமாக இருந்திருக்க முடியாது; பெரும்பாலான கணினிகளுக்குள் இருந்தது அதே இன்டெல் சிப், அதே விண்டோஸ். டெல் பணத்தைச் சுழற்றிய விதம்தான் வேறு. ஆர்டர் வந்த பிறகே கணினியைப் பூட்டினார்கள். வாங்குபவரின் பணம் முதலில் வந்துவிடும். உதிரிபாகம் தந்தவருக்குச் சில வாரம் கழித்துக் கொடுத்தால் போதும். கணினிப் பாகம் காய்கறி மாதிரி, கிடங்கில் கிடக்கக் கிடக்க விலை இறங்கும். விநியோகஸ்தர்களை நம்பியிருந்த காம்பேக்கின் சரக்கு வாரக்கணக்கில் தேங்கியது. டெல்லிடம் இருந்ததோ சில நாள் சரக்குதான். அந்த மிச்சத்தை வைத்து டெல் விலையைக் குறைத்தபோது மற்றவர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

இதுவரை பாராட்டலாம். ஆனால் போட்டியாளர்களும் கிடங்கைச் சுருக்கக் கற்றுக்கொண்டார்கள். மக்கள் கடைக்குப் போய்த் தொட்டுப் பார்த்து லேப்டாப் வாங்கத் தொடங்கினார்கள். டெல்லின் சாதகம் கரைந்தது. லாபம் மட்டும் குறையாததுபோல் தெரிந்தது. எப்படி? தன் போட்டியாளரான ஏஎம்டியின் சிப்பைத் தொடாமலிருக்க இன்டெல் டெல்லுக்குப் பெரும் தொகை கொடுத்துவந்தது. அதை முதலீட்டாளர்களிடம் மறைத்தார்கள் என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-ல் குற்றம் சாட்டியது. 2003 நிதியாண்டில் டெல்லின் செயல்பாட்டு லாபத்தில் 10 சதவீதமாக இருந்த அந்தத் தொகை, 2006 நிதியாண்டில் 38 சதவீதமாகி, அடுத்த நிதியாண்டின் முதல் காலாண்டில் 76 சதவீதத்தைத் தொட்டது என்கிறது அந்தக் குற்றச்சாட்டு. டெல் அதை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. 10 கோடி டாலர் அபராதம் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. உலகில் அதிகக் கணினி விற்ற நிறுவனத்தின் ஒரு காலாண்டுச் செயல்பாட்டு லாபத்தில் முக்கால் பங்கு, சிப் தந்தவரின் கையிலிருந்து வந்திருக்கிறது. எந்தச் சந்தைப் பங்குப் பட்டியலிலும் இது தெரியாது.

ஹெச்பி அதே முதலிடத்துக்காக 2002-ல் காம்பேக்கை வாங்கியது. நிறுவனரின் மகன் வால்டர் ஹியூலெட் கடுமையாக எதிர்த்தார். பிரின்டரும் மையும் தரும் நல்ல லாபத்தைக் கணினி விற்பனையின் மெலிந்த லாபத்தில் கரைக்காதீர்கள் என்பது அவர் வாதம். வாக்கெடுப்பில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். 2006-ல் ஹெச்பி டெல்லை முந்தி, ஆசைப்பட்ட இடத்தைப் பிடித்தது. ஐந்தே ஆண்டுகளில், 2011 ஆகஸ்டில், அதே கணினிப் பிரிவைக் கைகழுவுவது பற்றி ஆராய்வதாக அதன் தலைமை அறிவித்தது. இரண்டு மாதங்களில் தலைமை மாறி, அந்த யோசனையும் கைவிடப்பட்டது. ஆனாலும் முதலிடத்தில் இருந்தவரே விட்டுவிட நினைத்த தொழில் இது என்பதை மறக்கக் கூடாது. ஹியூலெட் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

இதே பட்டியலின் அடிவரிசையில் ஆப்பிள் இருந்தது. ஆப்பிளை நடத்தும் பொறுப்பு தன்னிடம் இருந்தால் அதை மூடிவிட்டு, பணத்தைப் பங்குதாரர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று 1997-ல் டெல்லின் நிறுவனர் மைக்கேல் டெல் சொன்னார். 2006 ஜனவரியில் ஆப்பிளின் மொத்தப் பங்கு மதிப்பு டெல்லைத் தாண்டியது. ஐபாட் கைகொடுத்தது உண்மை. ஆனால் உலகக் கணினிச் சந்தையில் ஆப்பிளின் பங்கு அன்று 5 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. முதலிடத்தில் டெல்தான் இருந்தது.