கூட்டமே இல்லாமல் முடங்கும் அகப்பக்கம்

எஸ்.பி.எம். முடிவு வரும் நாளிலோ, யு.பி.யு. முடிவு வரும் நாளிலோ அகப்பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், வீட்டில் எல்லாரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "ஒரே நேரத்துல எல்லாரும் உள்ளே போயிருப்பாங்க." பல வேளைகளில் அது உண்மையும்கூட. 2021 மே 26, நண்பகல் 12 மணிக்கு அஸ்திராஸெனெகா தடுப்பூசியின் இரண்டாம் சுற்று முன்பதிவு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதை நினைத்துப் பாருங்கள். பக்கம் தடுமாறியது. 9 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் சுமார் ஒரு மணி நேரத்தில் தீர்ந்தன. தடுப்பூசித் திட்டத்தை ஒருங்கிணைத்த அமைச்சர் கைரி ஜமாலுடின் மன்னிப்புக் கேட்டார்.

அன்று கூட்டம் நிஜம். ஆனால் 'கூட்டம்' என்ற சொல் இப்போது எல்லாத் தடங்கலுக்கும் பொதுவான சாக்காகிவிட்டது என்பது, கணினி அறிவியல் படிக்கும் மாணவியான என் வருத்தம். கூட்டமே இல்லாத நாளில், ஒரே ஒருவர், ஒரே ஒரு கேள்வி கேட்டு ஓர் அகப்பக்கத்தை முடக்கிவிட முடியும். அவர் கெட்ட எண்ணம் கொண்டவராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு சேலைக் கடைக்குள் போவோம். சேலைகள் அலமாரியில் இருக்கின்றன. விரித்துக் காட்ட ஒரே ஒரு மேசை. ஒரு வாடிக்கையாளர் வந்து, "கடையில இருக்கிற எல்லாச் சேலையையும் எடுங்க, விலைப்படி வரிசையா அடுக்குங்க" என்கிறார். கடைக்காரர் மறுக்காமல் எடுத்துப் போடுகிறார். மேசை நிரம்பி, நாற்காலி நிரம்பி, தரையும் நிரம்பிவிடுகிறது. அடுத்து வருபவர் ஒரு ரவிக்கைத் துணி கேட்டால்கூடக் காட்ட இடமில்லை. கடைக்குள் இருப்பதோ இரண்டே பேர்.

அலமாரிதான் தரவுத்தளம் இருக்கும் வட்டு. மேசைதான் நினைவகம். குவெரி என்று வகுப்பில் நாங்கள் சொல்லும் வினவல்தான் அந்த வாடிக்கையாளரின் கேள்வி.

உலகெங்கும் புழங்கும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தையே எடுத்துக்கொள்ளலாம். வரிசைப்படுத்தும் வேலைக்கு அது முதலில் ஒதுக்கும் நினைவகம் 4 மெகாபைட்தான். போதாவிட்டால் வட்டில் தற்காலிகக் கோப்பு எழுதும், வேகம் குறையும். எரிச்சலடைந்த யாரோ அதை 256 மெகாபைட்டாக உயர்த்துகிறார் என்று வையுங்கள். சிக்கல் இங்கேதான். அந்த அளவு சர்வர் முழுவதற்குமானது அல்ல, ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனி. ஒரு வினவலில் நான்கு வரிசைப்படுத்தல், அதை ஐம்பது பேர் ஒரே சமயம் கேட்டால் 50 ஜிகாபைட் வரை போகலாம். நினைவகம் தீர்ந்தால் லினக்ஸ் ஏதாவது ஒரு செயலாக்கத்தைக் கொன்று இடம் பிடிக்கும். கொல்லப்பட்டது போஸ்ட்கிரஸின் ஓர் இணைப்பாக இருந்தால், பாதுகாப்புக்காக அது மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு மறுபடி தொடங்கும். ஒருவர் கேட்ட கேள்விக்கு எல்லாரும் வெளியே!

இதைத் தாக்குதலாக மாற்றவும் பெரிய படை தேவையில்லை. 'பக்கத்துக்கு 20 பெயர்' என்று முகவரியில் இருக்கும் எண்ணை 20 லட்சமாக மாற்றினால் போதும், அதை நிரல் அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்றால். போக்குவரத்தை எண்ணிக் காவல் காக்கும் சேவைகளுக்கு அது ஒரே ஒரு சாதாரணக் கோரிக்கையாகத்தான் தெரியும். ஓவாஸ்ப் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஏ.பி.ஐ. பாதுகாப்பு ஆபத்துப் பட்டியலில், வரம்பில்லாமல் வளங்களை விழுங்கவிடும் இந்தக் குறைபாட்டுக்கு நான்காம் இடம். (ஆர்வத்தில் பிறர் அகப்பக்கத்தில் முயன்று பார்த்துவிடாதீர்கள். 1997 கணினிக் குற்றச் சட்டம் விளையாட்டல்ல. சொந்த மடிக்கணினியில் முயலுங்கள்.)

பெரிய நிறுவனங்கள் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். 2024 ஆகஸ்டு 26 முதல் நடப்பில் உள்ள இணையப் பாதுகாப்புச் சட்டம், முக்கியமான 11 துறைகளுக்குக் கடமைகளை விதித்திருக்கிறது. என் கவலை சிறியவர்களைப் பற்றியது. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு மாடியறையில் இயங்கும் சங்கம், 2 ஜிகாபைட் நினைவகமுள்ள வாடகை சர்வரில் உபகாரச் சம்பள விண்ணப்பம் வாங்குகிறது. கடைசி நாள் இரவு 11 மணிக்குச் செயற்குழுவில் ஒருவர் எல்லா விண்ணப்பங்களையும் இணைப்புகளோடு மொத்தமாகப் பதிவிறக்குகிறார். அதே நேரத்தில் சம்பளச் சீட்டைப் பதிவேற்றிக்கொண்டிருந்த மாணவனின் திரை வெள்ளையாகிவிடுகிறது. மறுநாள் அவன் கேட்கும் பதில், "நேத்து கூட்டம் அதிகம் தம்பி."

எங்கள் வகுப்புகளில் சரியான விடைக்கு மதிப்பெண் உண்டு. அந்த விடை எவ்வளவு நினைவகத்தைத் தின்றது என்று யாரும் கேட்பதில்லை. பயிற்சி அட்டவணையில் இருபது வரிசை. இருபது வரிசைக்கு எந்த மோசமான வினவலும் மின்னல்தான்! இது தரவுத்தள நிர்வாகியின் வேலை, நிரலரின் வேலையல்ல என்பார்கள். நான் ஏற்கமாட்டேன். நிர்வாகி நேர வரம்பு வைக்கலாம். போஸ்ட்கிரஸில் அது தொடக்கத்தில் பூஜ்ஜியம், அதாவது வரம்பே இல்லை. ஆனால் அந்தத் திரையில் யாருக்கும் ஐம்பது பெயருக்கு மேல் தேவைப்படாது என்பது அதை எழுதியவருக்குத்தான் தெரியும். 'லிமிட்' என்று ஒரு சொல் சேர்க்க அவருக்கு ஒரு விநாடி போதும்.

இறுதியாண்டுத் திட்டப்பணியை மதிப்பிடும் விரிவுரையாளர்களிடம் கேட்பது இதுதான். அட்டவணையில் 10 லட்சம் போலி வரிசைகளை நிரப்பச் சொல்லுங்கள். தேடல் பெட்டியைக் காலியாக விட்டுத் 'தேடு' பொத்தானை அழுத்துங்கள். இன்னொரு மாணவரை அதே நேரத்தில் வேறொரு கணினியில் உள்நுழையச் சொல்லுங்கள். அவரால் நுழைய முடிந்தால் ஐந்து மதிப்பெண் கொடுங்கள்.