ஊர்செல்லும் ஊழியரும் கணக்கறிவும்

வாணிகத்தின் பொருட்டு ஊர்தோறுஞ் செல்லும் ஊழியர் கையில் நிலையத்துக் கணக்குகளை ஒப்புவித்தல் தகுமோவென ஐயுறுவார் உளர். தகும் என்பதே நம் துணிபு. சரக்கிருப்பும் விலையும் அறியாத விற்பனையாளர் கொடுத்த வாக்குப் பொய்ப்பின், அவரைக் குறைகூறுதல் நியாயமாமோ?

அமெரிக்காவில் வறுவல் விற்கும் பிரிட்டோ-லே நிறுவனத்தார் 1986-ஆம் ஆண்டளவில் தம் விற்பனையாளர் சுமார் 10,000 பேர்க்குக் கைக்கணிப்பொறி அளிக்கத் தலைப்பட்டனர். கடைதோறும் தாளில் எழுதிய கணக்கு ஒழிந்தது. விற்ற விவரம் தலைமை நிலையத்தை விரைவில் எய்தியது. அவ்விவரம் மேலோரிடமே தங்காது, வட்டார மேலாளர்க்கும் பயன்பட்டமையே அதன் சிறப்பாம். இன்று அப்பணியையும் அதனின் மிக்கதையும் கைப்பேசியே செய்கின்றது.

கருவி களவுபோயின் இரகசியம் வெளிப்படுமேயெனின், திருடனுக்கஞ்சி வீடு கட்டாதிருப்பார் இலர். கடவுச்சொல்லும், அவரவர் பணிக்கு வேண்டுமளவே காட்டும் வரம்பும், தொலைந்த கருவியிலுள்ளவற்றைத் தொலைவிலிருந்தே அழிக்கும் வசதியும் உள.

இதனினும் பெரிய கேடு வேறொன்றுண்டு. சட்டைப்பையில் அலுவலகம் குடியேறின் ஓய்வு எங்ஙனம் வாய்க்கும்? பிரான்சு தேசத்தில் 2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், 50 பேர்க்குக் குறையாத ஊழியரையுடைய நிறுவனங்கள், பணிநேரங் கடந்தபின் தொடர்பறுத்திருக்கும் உரிமைபற்றித் தொழிலாளர் பிரதிநிதிகளோடு கலந்து பேசுதல் வேண்டுமென விதித்தது. சட்டம் இல்லாவிடத்தும் அவ்வொழுக்கம் வேண்டற்பாலதே.

நம் மாணவருட் பலர் நாளை வாணிக நிலையங்களை நடத்துவர். அன்னார் ஊழியர்க்குக் கணக்கைத் திறந்துவிடுக. மாலையில் அதனை மூடிவைக்கவும் இடங்கொடுக்க.